முதல்முறை ஃப்ளைட் ஏறும் ஆத்தா, அப்பச்சி: காரைக்குடியிலிருந்து நியூஜெர்சிக்கு எந்த வழி, பெட்டியில் என்ன?

#1 ரஸ்தாக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆச்சிக்கு, அதாவது அக்காவுக்கு, ஜூன் கடைசியில நியூஜெர்சியில பிரசவம். ஆத்தாவும் அப்பச்சியும் (எங்க அம்மாவும் அப்பாவும்) மே கடைசி வாரம் கிளம்புறாக. விசா வந்துருச்சு. ரெண்டு பேரும் இதுவரை விமானமே ஏறினதில்ல.

அப்பச்சிக்கு வயசு 71. சுகர் இருக்கு, இன்சுலின் போட்டுக்கிறாக. ஆத்தாவுக்கு 66, இடது முழங்கால் மாத்தி ஆபரேஷன் ஆனது. அப்பச்சி இங்கிலீஷ் பேப்பர் படிப்பாக, பேசச் சொன்னா வாய் வராது.

டிராவல்ஸ்ல ரெண்டு வழி குடுத்திருக்காக. ஒண்ணு திருச்சி, சிங்கப்பூர், நியூவார்க். இன்னொண்ணு சென்னை, அபுதாபி, நியூயார்க். ரெண்டும் ஒரே டிக்கெட். எது நல்லது? அப்புறம் ரெண்டாங்கட்டுல நாலு பெட்டி வாயைத் திறந்துக்கிட்டு கிடக்கு, ஆத்தா தினம் ஒரு சாமான் கொண்டாந்து போடுறாக. எது போகும் எது போகாதுன்னும் சொல்லுங்க.

#2 செக்காலை ரோடு
தம்பி, கண்ணை மூடிக்கிட்டு திருச்சி. விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்லயே இருக்கு, நம்ம பக்கத்துல இருந்து போனா ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். காரைக்குடியில ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாசல்ல இறக்கிவிடலாம். 2024-ல திறந்த புது டெர்மினல், நல்லா அகலமா இருக்கு.

சென்னைன்னா பல்லவன் ரயில்ல நாலு பெட்டியை ஏத்தி, எழும்பூர்ல இறக்கி, அங்கேருந்து மீனம்பாக்கம். ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே பாதி உசிர் போயிரும்.

இன்னொண்ணு. எஃப்டிஐ-டிடிபின்னு மத்திய அரசோட திட்டம் ஒண்ணு இருக்கு. முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு செஞ்சு, கைரேகையும் முகமும் குடுத்துட்டா குடியேற்றச் சோதனையில தானியங்கிக் கதவு வழியாப் போயிரலாம். 2025 செப்டம்பர்ல இருந்து திருச்சியிலும் வந்துருச்சு. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவுகளுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வச்சிருக்க நம்மாளுகளுக்கும் உண்டு. மே மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பவே போட்டு வைங்க.

#3 சிராங்கூன் சீடை
திருச்சி வசதிதான், மறுக்கல. ஆனா சிங்கப்பூர்ல இருந்து நியூவார்க் ஒரே தாவு, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல. உலகத்துலேயே நீளமான பயணிகள் விமானத்துல அதுவும் ஒண்ணு. முட்டி மாத்தினவுகளையும் சுகர்காரரையும் அதுல உக்கார வைக்க எனக்கு மனசு வராது. சென்னை அபுதாபி நாலரை மணி, அப்புறம் பதினாலு சொச்சம். நடுவுல கால் நீட்டி நடக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், அபுதாபியில அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிஞ்சுரும். 2014-ல இருந்து அமெரிக்க அதிகாரிகளே அங்க உக்காந்திருக்காக. நியூயார்க்ல இறங்கினா உள்நாட்டு விமானத்துல வந்த மாதிரி நேரா பெட்டியை எடுத்துட்டு வெளிய வந்துரலாம். பெரியவுகளுக்கு அந்தக் கேள்வி பதிலைத் தூக்கமில்லாத கண்ணோட சந்திக்காம, பயணத்தோட முதல் பாதியிலேயே முடிக்கிறது நல்லது. நடுவுல குறைஞ்சது மூணு மணி நேரம் இருக்கணும், சில நாள்ல அந்த வரிசை ரொம்ப நீளமா இருக்கும்.

#4 செக்காலை ரோடு
சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு சிங்கப்பூர் வழி வேண்டாம்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்.

#5 சிராங்கூன் சீடை
ஊர்க்காரவுக நல்லா போய்ச் சேர்ந்தா போதும்ணே. பல்லவன் கஷ்டம்னு நீங்க சொன்னதும் நியாயம். முந்தின நாளே சென்னையில சொந்தக்காரவுக வீட்டுல தங்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு.

#6 பாகனேரி வாசல்
ரூட்டை அப்புறம் பார்க்கலாம். முதல்ல வீல்சேர் போடுங்க. டிக்கெட் எடுக்கும்போதே, இல்லேன்னா கிளம்ப ரெண்டு நாளுக்கு முன்னாடியாவது சொல்லிரணும். ரெண்டு பேருக்கும் போடுங்க. வரிசையும் கிடையாது, வழி கேட்கவும் வேண்டாம்.

#7 கானாடுகாத்தான் கிளி
ரெண்டு பேருக்கும் எதுக்கு? ஆத்தாவுக்கு முட்டி மாத்தியிருக்கு, தாராளமா கேட்கலாம். அப்பச்சி காலையில மூணு சுத்து நடக்கிறவரா இருந்தா அவருக்கு எதுக்கு நாற்காலி? நான் விமான நிலையத்துல தரைப்பணியில இருந்தவ. நம்ம ஊர் விமானம் வந்து இறங்கினா கதவுக்கு வெளியில வரிசையா நாற்காலி நிக்கும். உக்கார்றதுல பாதிப் பேர் பெட்டி வர்ற இடத்துல எந்திரிச்சு விறுவிறுன்னு நடந்து போவாக. அன்னைக்கு நிஜமாவே நடக்க முடியாத ஒருத்தர் உள்ள முக்கால் மணி நேரம் காத்திருப்பாரு. அதைப் பார்த்தவளுக்கு ‘ரெண்டு பேருக்கும் போடுங்க’ன்னு எழுத கை வராது.

#8 பாகனேரி வாசல்
ஆச்சி, கோபப்படாதீக. பெரியவுக காலுக்காகக் கேட்கல, பாஷைக்காகக் கேட்கிறாக. அபுதாபியில கேட் மாத்தினா, அறிவிப்பு புரியாம பழைய கேட்லயே உக்காந்திருப்பாக. விமானம் போயிரும். அதுக்கு வேற என்ன வழி இருக்கு?

#9 கானாடுகாத்தான் கிளி
இருக்கு. ‘மீட் அண்ட் அசிஸ்ட்’னு கேட்டா கூட ஒரு ஆள் நடந்து வந்து அடுத்த கேட்ல விடுவாக. சில நிறுவனம் சும்மா செய்யும், சிலது காசு வாங்கும். ஒரே புக்கிங் எண்ல ரெண்டு பேரும் இருந்து, ஆத்தாவுக்கு வீல்சேர் இருந்தா அப்பச்சி கூடவே நடந்து போகலாம். அதுவே போதும்.

வீல்சேர் எடுக்கிறவுக கவனிக்க வேண்டியது: பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், போன், ஆச்சி வீட்டு விலாசம், ரெண்டு நேர மாத்திரை எல்லாம் கழுத்துல மாட்டின சின்னப் பையில இருக்கட்டும். பாஸ்போர்ட்டைத் தள்ளுறவுக கையில குடுத்துட்டு மறந்துரக் கூடாது. அமெரிக்காவுல தள்ளிட்டு வர்றவுகளுக்கு ரெண்டு மூணு டாலர் குடுக்கிறது அந்த ஊர் வழக்கம், சில்லறை நோட்டா வச்சு அனுப்புங்க.

சோதனையில ஆத்தா முட்டியில உலோகம் இருக்குன்னு முன்னாடியே சொல்லணும், கட்டாயம் மணி அடிக்கும். பெண்களுக்குத் திரை மறைவுல பெண் காவலர்தான் தடவிப் பார்ப்பாக, கூச்சப்பட ஒண்ணுமில்ல. அதிகமா நேரம் போறது முட்டியில இல்ல, சேலையில. முந்தானைக்கு ஒண்ணு, மடிப்புக்கு ஒண்ணு, உள்பாவாடையில ரெண்டுன்னு குத்தியிருக்கிற ஊக்கு, இடுப்புல சொருகின சாவிக்கொத்து. நூல் சேலை, ரெண்டே ஊக்கு, சாவிக்கொத்து வீட்டுல. இதைச் செஞ்சாலே சீக்கிரம் வெளிய வந்துருவாக.

#10 கோனாபட்டு ஆச்சி
நகையைப் பத்தி யாரும் சொல்லக் காணோம். பேரப்பிள்ளை பிறக்கப் போகுதுன்னு ஆத்தா வளையல், சங்கிலின்னு நிறையப் போட்டுக்கிட்டுப் போனா, திரும்பி வரும்போது அது இங்கேருந்து கொண்டு போனதுன்னு நிரூபிக்கணும். கிளம்புற அன்னைக்கே சுங்கத்துறை கவுண்டர்ல காட்டி ‘எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்’ வாங்கிக்கிடணும். நகை மதிப்பீட்டுச் சீட்டும் போட்டோவும் கையில இருந்தா வேலை சுளுவு. பெட்டியை உள்ள அனுப்பிட்டு அப்புறம் ஓடக்கூடாது, அதுக்குன்னு அரை மணி நேரம் கூட வச்சுக்கிடணும். என்னைக் கேட்டா தாலிச் சங்கிலியும் ரெண்டு வளையலும் போதும், மிச்சம் லாக்கர்ல இருக்கட்டும்.

தம்பி, பெட்டியில என்னென்ன கிடக்குன்னு எழுதுங்க. அதான் எனக்குத் தெரியணும்.

#11 ரஸ்தாக்காரன்
ஆச்சி, இந்தாங்க: கவுனி அரிசி, கசகசா, கருவேப்பிலை கட்டு, கொப்பரை, ஆவக்காய், புளிக்காய்ச்சல், பிரசவ லேகியம், மிளகாப்பொடி, நெய், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, இரும்புப் பணியாரக்கல். அம்மிக்குழவி ஒண்ணு எடுத்து வச்சாக, நானே திருப்பி வச்சுட்டேன்.

#12 புதுவயல் மில்
கவுனி அரிசியை எடுத்துருங்க தம்பி. எங்க தொழில் அரிசி, அதனால இது தெரியும். கப்ரா வண்டுன்னு ஒரு பூச்சி, குடோன்ல விழுந்தா மூட்டை மூட்டையாத் தின்னு தூளாக்கிரும், மருந்துக்கும் சாகாது. அந்த வண்டு இருக்கிற நாட்டுல இருந்து பயணி கையில அரிசி வரவே கூடாதுன்னு அமெரிக்காவுல தடை. இந்தியாவும் அதுல உண்டு. பாக்கெட் போட்டு சீல் வச்சாலும் தூக்கிப் போட்டுருவாக. கவுனியை இனிப்பாக் கிளறித் தர ஆசைன்னா, கருப்பரிசி அங்கேயே கடையில கிடைக்குது, வாங்கிக்கிடச் சொல்லுங்க.

#13 கானாடுகாத்தான் கிளி
மத்ததுக்கு நான் சொல்றேன்.

கசகசா: முதல்ல வெளிய எடுங்க. குருமாவுக்கு நமக்கு அது மசாலா. சிங்கப்பூர்லயும் ஐக்கிய அரபு அமீரகத்துலயும் போதைப்பொருள் சட்டத்துல வருது. ரெண்டு வழியும் அந்த ரெண்டு ஊர் வழியாத்தானே போகுது? மசாலாப் பொடியில அரைச்சு சேர்த்திருந்தாலும் அதையும் எடுத்துருங்க. முந்திரி போட்டு அரைச்சுக்கிடட்டும்.

கருவேப்பிலை: அமெரிக்காவுக்குப் பச்சை இலை போகாது, எலுமிச்சை இனத்துச் செடி நோயைக் கொண்டு போகும்னு தடை.

கொப்பரை: இது வேற காரணம். எண்ணெய்ச் சத்து அதிகம், அடைச்சு வச்சா தானே சூடேறித் தீப்பிடிக்கிற சரக்கு. கைப்பையிலயும் கூடாது, உள்ள போற பெட்டியிலயும் கூடாது.

ஆவக்காய், புளிக்காய்ச்சல், லேகியம், நெய்: எல்லாம் உள்ள போற பெட்டியில. கைப்பையில 100 மி.லி.-க்கு மேல கூழோ குழம்போ போகாது. அதுவும் டப்பாவோட கொள்ளளவைத்தான் பார்ப்பாக. 200 மி.லி. டப்பாவுல அடியில ஒரு கரண்டி நெய் இருந்தாலும் பிடுங்கிருவாக. 2006-ல லண்டன்ல திரவ வெடிகுண்டு சதி ஒண்ணு பிடிபட்டதுல இருந்து வந்த சட்டம் இது. மூடிக்கு மேல பிளாஸ்டிக் உறை போட்டு, டேப் சுத்தி, பழைய துண்டுக்குள்ள வைங்க. லேகியத்துக்கு மேல பேர் எழுதி ஒட்டுங்க, கருப்பா ஒரு களியைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மிளகாப்பொடி: கைப்பையில நம்ம ஊர்லயே விடமாட்டாக. உள்ள போற பெட்டியில போகலாம்.

பணியாரக்கல்: அதுவும் உள்ள போற பெட்டி. கைப்பையில வச்சா எக்ஸ்ரேயில அது ஒண்ணு மட்டும் கரேர்னு தெரியும், கீழ இருக்கிறது எதுவும் தெரியாது. பையைக் கொட்டித்தான் பார்ப்பாக.

மணகோலம், சீடை, மாவுருண்டை எல்லாம் தாராளமாப் போகும். ஆனா ‘சாப்பாட்டுச் சாமான் இருக்கா’ன்னு கேட்டா ‘ஆமா’ன்னு சொல்லணும். பலகாரம், ஊறுகாய், பொடின்னு இங்கிலீஷ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க, காட்டினா போதும். சொல்லிட்டுக் கொண்டு போனதைப் பிடிச்சு வச்சா சாமான்தான் போகும். மறைச்சு மாட்டினா அபராதம்.

#14 பள்ளத்தூர் பெரியவர்
எங்க ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போன காலத்துல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறுவாக. ஒரு வருஷத்துக்கு வேண்டிய வத்தல், ஊறுகாய் ஜாடி எல்லாம் தகரப் பெட்டியில போகும், கசகசா உள்பட. ஒருத்தரும் கேட்கல. தூக்கம் கெடுற பேச்சும் கிடையாது, கப்பல் போற வேகத்துக்கு உடம்பும் கூடவே போயிரும்.

#15 மருந்துச்சீட்டு
இன்சுலின் பத்தி: உள்ள போற பெட்டியில கண்டிப்பா வைக்காதீங்க, அங்க குளிர்ல உறைஞ்சு போகலாம், உறைஞ்ச இன்சுலின் வேலைக்கு ஆகாது. பெட்டி வேற ஊருக்குப் போயிட்டாலும் ஆபத்து. முழுச் சரக்கும் கைப்பையில், டாக்டர் கடிதத்தோட. மருந்துன்னா 100 மி.லி. கணக்கு கிடையாது, ஆனா எடுத்துக் காட்டணும்.

மேற்கே போகும்போது அந்த நாள் ஒன்பதரை மணி நேரம் நீளும். எந்த ஊசி எப்போ, எத்தனை யூனிட்னு அவருடைய டாக்டரிடம் நேரம் போட்டு எழுதி வாங்குங்க. இங்கே யார் சொல்றதையும் வச்சு முடிவு பண்ணாதீங்க, நான் சொல்றதையும் சேர்த்துத்தான். அப்பச்சி கைக்கடிகாரம் பயணம் முழுக்க இந்திய நேரத்துலயே இருக்கட்டும்.

டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை அமீரகத்துல கட்டுப்பாட்டுல இருக்கு, முன் அனுமதி வேணும். முட்டி வலிக்குன்னு பழைய சீட்டுல வாங்கினது எதுவும் இருக்கான்னு ஆத்தா மாத்திரை டப்பாவை ஒருதரம் பாருங்க.

விமானத்துக்குள்ள காத்தழுத்தம் கொடைக்கானல் உயரத்துல இருக்கிற மாதிரி, ஈரப்பதமோ ரொம்பக் குறைவு. நம்ம வீட்டுப் பெண்கள் கழிவறைக்குப் போகணுமேன்னு தண்ணியே குடிக்க மாட்டாங்க. அதுலதான் நீர்க்கடுப்பு, தலைவலி எல்லாம். மணிக்கணக்கா அசையாம உட்கார்ந்தா காலில் ரத்தம் உறையவும் வாய்ப்பு இருக்கு. ஓரச் சீட் வாங்குங்க. கழிவறைக் கதவு நடுவுல அழுத்தினா உள்பக்கமா மடியும், பொத்தானை அமுக்கினா ‘குபீர்’னு பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க. இது தெரியாம தண்ணி குடிக்காம இருக்கிறவங்க நிறைய. முட்டி ஆபரேஷன் ஆனவங்க அழுத்தக் காலுறை போடலாமான்னு டாக்டரிடம் கேளுங்க.

#16 சிராங்கூன் சீடை
சாப்பாடு: பெரியவுக சைவம்னா ‘ஹிந்து மீல்’னு போட்டுராதீங்க. அதுல கோழியோ ஆடோ வரும், மாட்டிறைச்சி மட்டும்தான் இருக்காது. ‘ஏசியன் வெஜிடேரியன்’, சுருக்கமா ஏவிஎம்எல். கிளம்ப ஒரு நாளுக்கு முன்னாடியே பதிவு ஆகியிருக்கணும். பவர் பேங்க் உள்ள போற பெட்டியில வைக்காதீங்க, கைப்பையில 100 வாட் ஹவருக்குள்ள ஒண்ணு போதும்.

#17 ரஸ்தாக்காரன்
அபுதாபி வழியே எடுத்துட்டோம். ஆத்தாவுக்கு மட்டும் வீல்சேர். கசகசா, கவுனி, கொப்பரை திரும்ப உக்கிராணத்துக்குப் போயிருச்சு. இன்னொரு கேள்வி. நியூஜெர்சி ஆச்சி சொல்றாக, அங்க வர்ற எல்லாப் பெரியவுகளும் பத்து நாளைக்கு ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு சமையல்கட்டுல பாத்திரம் உருட்டுறாகளாம். இதுக்கு என்ன செய்யலாம்?

#18 செக்காலை ரோடு
அதுக்குத்தான் சிங்கப்பூர் வழி சொன்னேன். கிழக்கே போனா உடம்பு வேற மாதிரி பழகும்.

#19 ராத்திரி ஷிஃப்ட்
இல்லண்ணே. எந்தப் பக்கமாப் பறந்தாலும் கடைசியில இறங்குற ஊருக்கும் நம்ம ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம்தான் கணக்கு. மே மாசம் நியூஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி பின்னாடி. உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி, நல்லா வெளிச்சம் பார்த்தா ஒன்றரை மணிதான் நகரும். ஆச்சி சொன்ன பத்து நாள் அப்படித்தான் வருது.

சூட்சுமம் வெளிச்சத்துல இருக்கு. வழக்கமா எந்திரிக்கிறதுக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு முன்னாடி உடம்புச் சூடு ஆகக் குறைவா இருக்கும். அந்த நேரத்துக்கு முன்னாடி கண்ணுல படுற வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளும், அதுக்குப் பின்னாடி பட்டா முன்னாடி இழுக்கும். அப்பச்சி அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவருன்னா அந்த நேரம் நம்ம ஊர்ல விடியக்காலை ரெண்டரை. நியூஜெர்சியில அது சாயங்காலம் அஞ்சு. நமக்கு வேண்டியது பின்னாடி தள்ளுறது. அதனால முதல் நாள் மதியத்துல இருந்து அஞ்சு மணி வரை ரெண்டு பேரும் வெளியில நடக்கட்டும். அதுக்கு மேல கருப்புக் கண்ணாடி, திரை போட்ட அறை, ஒன்பது மணிக்குப் படுக்கை. அடுத்தடுத்த நாள் அந்த எல்லையை ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி வைங்க.

ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு வரத்தான் செய்யும். அப்போ காரைக்குடியில காலை பத்தரை. இங்க எல்லாரும் முழிச்சிருக்கீங்க, வீடியோ கால் வரும். எடுக்காதீங்க. விளக்கைப் போட்டு, போனைப் பார்த்து, காபி கலந்தா அன்னைக்குச் சம்பாதிச்சது எல்லாம் போச்சு. இருட்டுலயே படுத்திருக்கணும், தூக்கம் வரலேன்னாலும். மதியத் தூக்கம் இருபது நிமிஷம், அலாரம் வச்சு.

#20 மருந்துச்சீட்டு
வெளிச்சம் பத்திச் சொன்னது சரி. மெலடோனின் குறைந்த அளவுல, அந்த ஊர் படுக்கை நேரத்துல எடுத்தா சிலருக்கு உதவும். சுகர், ரத்த அழுத்தம், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைன்னு ஏற்கெனவே ஓடுறவங்க டாக்டரைக் கேட்காம தொடக்கூடாது.

#21 கோனாபட்டு ஆச்சி
திரும்பி வரும்போதுதான் எனக்கு மோசமா இருந்துச்சு. போகும்போது ஒரு வாரத்துல சரியாச்சு, வந்து மூணு வாரம் பகல்ல விழுந்து விழுந்து தூங்கினேன். காலையில வெயில்ல நில்லுன்னாக, நின்னேன், ஒண்ணும் ஆகல.

#22 ராத்திரி ஷிஃப்ட்
ஆச்சி, காலை வெயில்ல நின்னதாலயே கெட்டுச்சு. அங்கே பழகின உடம்புக்கு அந்தக் குறைஞ்ச சூட்டு நேரம் நம்ம ஊர்ல மதியம் ஒண்ணு, ஒன்றரைக்கு வரும். அதுக்கு முன்னாடி வெயில் பட்டா இன்னும் பின்னாடிதான் போகும். வந்த முதல் ரெண்டு மூணு நாள் காலையில உள்கட்டுல, வெளிச்சம் குறைஞ்ச அறையில இருக்கணும். ரெண்டு மணிக்கு மேல முற்றத்துலயோ முகப்புலயோ வந்து உக்காரணும். அப்புறம் தினம் ஒரு மணி நேரம் முன்னாடி, ஒரு மணி, பன்னிரண்டுன்னு வந்தா ஒரு பத்து நாள்ல காலை வெயில் கணக்குக்கு வந்துரும்.

#23 கோனாபட்டு ஆச்சி
காலையில முகப்புக்கு வராம இருந்தா, ஊர்ல இருந்து வந்திருக்கா ஆனா முகங்குடுக்க மாட்டேங்கிறான்னு பங்காளி வீட்டுல பேசுவாக. அதுக்கு என்ன வழி?

#24 ராத்திரி ஷிஃப்ட்
எல்லாரையும் சாயங்காலப் பலகாரத்துக்கு வரச் சொல்லுங்க ஆச்சி.